சேலம், நாமக்கல் பகுதியில் தொழிலாளர் விபத்து இழப்பீட்டின் வரலாறு

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்தில் ஒரு தொழிலாளி காயமடைந்தால் அவருக்கும், இறந்தால் அவரைச் சார்ந்திருந்த குடும்பத்தினருக்கும் வேலை அளித்தவர் சட்டப்படி தர வேண்டிய தொகையே தொழிலாளர் விபத்து இழப்பீடு ஆகும். இந்தியாவில் இதற்கான தனிச் சட்டம் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பெரிய ஆலைகள், சுரங்கங்கள், இரயில்வே ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது.

சேலம், நாமக்கல் சமவெளி 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்தது. வெள்ளைக்கல் சுரங்கங்கள், நூற்பாலைகள், இரும்பாலை போன்ற பெரிய தொழில்கள் இங்கே உண்டு. ஆனால் இப்பகுதியின் பெரும்பாலான தொழிலாளர்கள் விசைத்தறிக் கூடங்கள், சேகோ ஆலைகள், லாரிப் பட்டறைகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், நெடுந்தொலைவு ஓடும் லாரிகள் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள். இவ்விடங்களில் நியமன ஆணையோ ஊதியச் சீட்டோ இருப்பது அரிது. ஆகவே இப்பகுதியில் இழப்பீட்டின் வரலாறு இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்தது: காயம்பட்டவருக்கு முதலாளி யார்? இழப்பீட்டை எந்த ஊரில் கேட்பது?

சட்டத்திற்கு முந்தைய நிலை

19ஆம் நூற்றாண்டில் ஆலை விபத்தில் கை இழந்த தொழிலாளி இழப்பீடு பெற வேண்டுமானால், விபத்து முதலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உடன் வேலை செய்த தொழிலாளியின் தவறால் காயம் ஏற்பட்டிருந்தால் முதலாளி பொறுப்பல்ல என்ற கொள்கையை இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1837 முதல் பின்பற்றின. இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இறந்தவரின் குடும்பத்துக்கு வழக்குத் தொடரும் உரிமையைத் தந்தது. எனினும் தவறு யாருடையது என்று மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின் மீதே இருந்தது.

ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தவறு யாருடையது என்று பார்க்காமல், வேலையால் நேர்ந்த காயத்துக்கு அந்தத் தொழிலே பொறுப்பேற்க வேண்டும் என்பது இவ்விரு சட்டங்களின் அடிப்படை. இந்தியச் சட்டமும் இதே வழியைப் பின்பற்றியது.

1923ஆம் ஆண்டுச் சட்டம்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 மார்ச்சில் நிறைவேறி, 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாதம் 300 ரூபாய்க்கு மிகாமல் ஊதியம் பெற்றவர்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் தற்செயலாக வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் விலக்கப்பட்டனர். பத்து நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாமற்போனால்தான் இழப்பீடு கேட்க முடிந்தது. இந்த வரம்பு பின்னர் மூன்று நாட்களாகக் குறைக்கப்பட்டது.

முதல் சட்டத்தில் இறப்புக்கான தொகை 30 மாத ஊதியம் அல்லது 2,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. நிலையான முழு இயலாமைக்கு 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. மாதம் 20 ரூபாய் வாங்கிய தொழிலாளி இறந்தால் அவர் குடும்பத்துக்கு 600 ரூபாய் கிடைத்திருக்கும்.

1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் எனப்படும் அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1933இல் சட்டம் விரிவாகத் திருத்தப்பட்டது. உயிரிழப்பு நேர்ந்தால் முதலாளியிடம் விளக்கம் கேட்கும் அதிகாரம் ஆணையருக்குக் கிடைத்தது. குடும்பம் மனு கொடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதால், எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களுக்கு இது முக்கியமான மாற்றமாக இருந்தது.

சமவெளியின் தொழில்களும் காயங்களும்

சேலம் நகருக்கு வடக்கே உள்ள கரடுகளில் மேக்னசைட் தாது கிடைக்கிறது. உள்ளூரில் இதற்கு வெள்ளைக்கல் என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இங்கே சுரங்க வேலை நடந்து வருகிறது. பாறை சரிதல், வெடி வைக்கும்போது கல் தெறித்தல், சூளையின் வெப்பம், தூசு ஆகியவை இவ்வேலையின் ஆபத்துகள். சுரங்கம் தொடக்கத்திலிருந்தே சட்டத்தின் வரம்பில் இருந்ததால், இப்பகுதியில் இழப்பீட்டுச் சட்டம் முதலில் பொருந்திய தொழில்களுள் இதுவும் ஒன்று.

நெசவு இப்பகுதியின் பழைய தொழில். கைத்தறியில் விபத்துகள் குறைவு. விசைத்தறி பரவிய பின் நிலைமை மாறியது. ஓடும் தறியிலிருந்து நாடா தெறித்துக் கண்ணிலோ முகத்திலோ அடிப்பது, பெல்ட்டிலும் பற்சக்கரத்திலும் விரல் சிக்குவது, மின் அதிர்ச்சி ஆகியவை வழக்கமான விபத்துகள். பல ஆண்டுகள் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிறது. இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பும், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் விரல் துண்டானது ஒரே நொடியில் தெரிகிறது. நோய் தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் தொழிலாளி மூன்று நான்கு கூடங்களில் வேலை பார்த்திருப்பார். இதனால் நோய்க்கான இழப்பீட்டைக் கோருவது காயத்துக்குக் கோருவதைவிடக் கடினம்.

மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகள் 1940களில் சேலத்தில் தோன்றின. கிழங்கு அரைக்கும் எந்திரத்தில் கை சிக்குவது, வறுக்கும் சட்டியில் தீக்காயம் படுவது, ஈரத் தரையில் வழுக்கி விழுவது, கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி நச்சு வாயுவால் மயங்குவது ஆகியவை இவ்வேலையின் ஆபத்துகள். அறுவடைக் காலத்தில் மட்டும் முழு வேகத்தில் நடக்கும் தொழில் என்பதால் ஆட்களும் பருவத்துக்கு ஏற்ப மாறுகிறார்கள்.

திருச்செங்கோடு வட்டாரம் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. இவை இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. இரும்பு ராடுகளைப் பூட்டும்போது விரல் நசுங்குவது, கம்ப்ரசர் குழாய் வெடிப்பது, வண்டியின் உயர்ந்த கம்பம் மேலே செல்லும் மின்கம்பியில் உரசுவது ஆகியவற்றோடு கல் தூசியும் இத்தொழிலில் உண்டு. கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய். ஆழ்குழாய்க் கிணறு அமைக்கும் வேலையும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது.

நாமக்கல், சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலின் மையங்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங் தீக்காயம், கண் காயம், தகடு வெட்டு ஆகியவை நேர்கின்றன. சாலையில் நேரும் மோதல் மட்டும் லாரித் தொழிலாளியின் விபத்து அன்று. லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கிளீனர் தவறி விழுவதும், டயர் கழற்றும்போது ஜாக்கி நழுவுவதும் வேலையின்போது நேரும் விபத்துகளே.

முதலாளி யார் என்ற கேள்வி

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையுடன் 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்று வரையறுத்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளின் பல விசைத்தறிக் கூடங்கள் இந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தன. நூலைக் கொடுப்பவர் ஒருவர், தறி உரிமையாளர் இன்னொருவர், கூலிக்கு ஓட்டுபவர் மூன்றாமவர் என்ற அமைப்பில், காயம்பட்டவர் தாம் யாருடைய ஆள் என்று மெய்ப்பிப்பதே முதல் சிக்கலாயிற்று.

இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு ஓரளவு விடை தருகிறது. ஒருவர் தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தாலும், அந்த ஒப்பந்தக்காரரின் ஆளுக்குக் காயம் நேர்ந்தால் முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். அவர் பின்னர் ஒப்பந்தக்காரரிடமிருந்து அத்தொகையை வசூலித்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் தற்செயல் வேலையாள் என்ற விலக்கை முழுவதும் நீக்கியது. அன்றாடக் கூலிக்கு வந்தவர் என்ற காரணம் அதன்பின் செல்லாமல் போனது.

இப்பகுதித் தறித் தொழிலில் தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்து வேலைக்கு வைப்பது பழைய வழக்கம். இதற்குப் பாக்கி என்று பெயர். குமாரபாளையத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பாக்கி உள்ள தொழிலாளி காயமடைந்தால், இழப்பீட்டைப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இழப்பீட்டுத் தொகையை எந்தக் கடனுக்கும் பற்று வைக்கவோ, ஈடுகட்டவோ, வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் ஒப்பந்தமும் 17ஆம் பிரிவின்படி செல்லாது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விவகாரத்தை முடிப்பதும் உண்டு. உயிரிழப்பில் இத்தகைய ஏற்பாடு முதலாளிக்கும் பாதுகாப்பு ஆகாது. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்தினால்தான் அது செலுத்தப்பட்டதாகக் கணக்காகும் என்று 8ஆம் பிரிவு கூறுகிறது. மூன்று மாத ஊதியம் வரை குடும்பத்துக்கு நேரில் தரும் முன்பணம் மட்டும் இதற்கு விலக்கு.

எந்த ஊரில் கேட்பது

நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு விபத்து பெரும்பாலும் சொந்த ஊரில் நேர்வதில்லை. மகாராட்டிரத்திலோ ஒடிசாவிலோ அசாமிலோ நேரலாம். 1995 வரை, விபத்து நடந்த பகுதியின் ஆணையரே வழக்கை விசாரிக்க வேண்டும் என்பது விதி. வழக்கை வேறோர் ஆணையருக்கு மாற்ற வழி இருந்தது. ஆனாலும் மொழி தெரியாத மாநிலத்தில் தொடங்க வேண்டிய நடைமுறை, கணவனை இழந்த பெண்ணுக்கு எட்டாததாகவே இருந்தது.

1995ஆம் ஆண்டுத் திருத்தம் 21ஆம் பிரிவை மாற்றியது. விபத்து நடந்த இடம், தொழிலாளியோ அவரைச் சார்ந்தவரோ வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம் ஆகிய மூன்றில் எங்கும் மனு செய்யலாம் என்றானது. இந்த உரிமையைப் பரந்த நோக்கில் பொருள்கொள்ள வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர் நிலை அலுவலர்கள் இழப்பீட்டு ஆணையர்களாகச் செயல்பட்டு வந்துள்ளனர். சேலத்திலும் அத்தகைய அலுவலகம் உண்டு. எங்கோ வடக்கில் நேர்ந்த விபத்துக்குச் சேலத்திலேயே மனு கொடுக்க முடிந்தது, லாரித் தொழிலாளர் குடும்பங்களுக்கு இச்சட்டத்தில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் எனலாம்.

லாரித் தொழிலில் இழப்பீடு கிடைக்க இன்னொரு காரணம் காப்பீடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, வண்டியின் கட்டாயக் காப்பீடு ஓட்டுநருக்கு இழப்பீட்டுச் சட்டப்படி தர வேண்டிய தொகையையும் உள்ளடக்க வேண்டும். சரக்கு வண்டியில் செல்லும் வேலையாட்களுக்கும் இது பொருந்தும். எனவே ஒற்றை லாரி வைத்திருக்கும் உரிமையாளரிடம் பணம் இல்லாவிட்டாலும், காப்பீட்டு நிறுவனம் தொகையையும் வட்டியையும் செலுத்த வேண்டும். தாமதத்துக்கான அபராதம் மட்டும் உரிமையாளரின் பொறுப்பு என்று 1997இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், இழப்பீட்டு ஆணையர் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே குடும்பம் தேர்ந்தெடுக்க முடியும்.

மோதல் இல்லாமலும் இழப்பீடு கிடைக்கலாம். டெல்லியிலிருந்து புறப்பட்டு 1,152 கிலோமீட்டர் ஓட்டிவந்த லாரி ஓட்டுநர் ஒருவர், ஜார்க்கண்டின் நிமியாகாட் அருகே உடல்நலக் குறைவால் வண்டியை ஓரம் நிறுத்தினார். பின்னர் மாரடைப்பால் இறந்தார். தொடர்ந்து வண்டி ஓட்டிய சுமைக்கும் இறப்புக்கும் தொடர்பு உண்டு என்று கூறி, 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை ஏற்றது. நாமக்கல் ஓட்டுநர்கள் நாள்தோறும் ஓட்டும் தொலைவைக் கருதினால் இத்தீர்ப்பு இப்பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும்.

சொந்த லாரியைத் தாமே ஓட்டுபவர் யாருடைய தொழிலாளியும் அல்லர். ஆகவே இச்சட்டம் அவருக்கு உதவாது. கிளீனராகவும் ஓட்டுநராகவும் இருந்து பின் லாரி வாங்கியவர்கள் மிகுந்த இப்பகுதியில் இது பெரிய இடைவெளி. உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு இதை ஓரளவு நிரப்புகிறது. அதன் தொகை 2018இல் 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

தொகையின் வளர்ச்சி

1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணக்கிடும் முறையையே மாற்றியது. ஊதிய உச்சவரம்பால் தொழிலாளரை விலக்குவது நீங்கியது. வயதுக்கு ஏற்ற பெருக்கெண் அறிமுகமானது. இறப்புக்கு மாத ஊதியத்தில் 40 விழுக்காட்டைப் பெருக்கெண்ணால் பெருக்கி வரும் தொகை அல்லது 20,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது என்றானது. 1923இல் 'எது குறைவோ' என்றிருந்த விதி அறுபது ஆண்டுகளுக்குப் பின் 'எது அதிகமோ' என்று மாறியது. இந்தக் குறைந்தபட்சத் தொகை 1995இல் 50,000, 2000இல் 80,000, 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 1,20,000 ரூபாய் என உயர்ந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் பெயரையும் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றி, மருத்துவச் செலவையும் முதலாளி தர வேண்டும் என்றது.

கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது 4,000 ரூபாயாக இருந்து 2010இல் 8,000 ஆகவும், 2020 ஜனவரி 3 முதல் 15,000 ஆகவும் உயர்ந்தது. 35 வயதுக்கான பெருக்கெண் 197.06. மாதம் 15,000 ரூபாய் வாங்கிய 35 வயது ஓட்டுநர் இறந்தால் 7,500ஐ 197.06ஆல் பெருக்க 14,77,950 ரூபாய் வருகிறது. வரம்பு 4,000 ஆக இருந்த காலத்தில் இதே ஊதியத்துக்கு 3,94,120 ரூபாயே கிடைத்திருக்கும்.

உறுப்பு இழப்புக்கு முதல் அட்டவணை விழுக்காடு குறிக்கிறது. கட்டைவிரல் முழுவதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, ஒரு கண் போனால் 40, ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60 விழுக்காடு. முழு இயலாமைக்கான தொகை ஊதியத்தின் 60 விழுக்காட்டைப் பெருக்கெண்ணால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. 25 வயது பட்டறைத் தொழிலாளி 15,000 ரூபாய் ஊதியத்தில் இருந்து கட்டைவிரலை இழந்தால், 9,000ஐ 216.91ஆல் பெருக்கி அதில் 30 விழுக்காடு எடுக்க 5,85,657 ரூபாய் வரும்.

அட்டவணை மட்டுமே இறுதியன்று. 1968இல் ஒடிசாவில் ஒரு திரையரங்கின் அலங்கார வேலையின்போது விழுந்த தச்சர் ஒருவர் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் இதை முழு இயலாமையாகவே கொள்ள வேண்டும் என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளில் அல்லாமல், விபத்து நேர்ந்த நாளிலேயே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்றும் அது கூறியது. தறி ஓட்டுபவரின் கண், வெல்டரின் விரல், ஓட்டுநரின் கால் ஆகியவற்றை அவரவர் தொழிலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்ற வாதத்துக்கு இத்தீர்ப்பே அடிப்படை.

கோரும் முறை

விபத்து நேர்ந்தவுடன் முதலாளிக்கு அறிவிப்புத் தர வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைப் பதிவு, இயலாமைச் சான்று, வண்டியின் காப்பீட்டுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவை முதன்மையான ஆவணங்கள். ஊதியச் சீட்டு இல்லாதபோது உடன் வேலை செய்தவர்களின் சாட்சியமும், அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியமும் உதவுகின்றன. முதல் மருத்துவமனைப் பதிவிலேயே காயம் வேலையிடத்தில் நேர்ந்தது என்று எழுதப்படுவது முக்கியம். வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதப்பட்ட ஒரு வரி பின்னர் முழுக் கோரிக்கையையும் குலைத்துவிடும்.

தொகை உரியதான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தப்படாவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். நியாயமற்ற தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். தொழிலாளி குடித்திருந்தார், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார் என்பவை முதலாளி கூறக்கூடிய மறுப்புகள். ஆனால் இறப்புக்கும் நிலையான முழு இயலாமைக்கும் இம்மறுப்புகள் பொருந்தா.

காப்பீட்டுத் திட்டமும் புதிய தொகுப்பும்

1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., முதலாளியிடம் தனியாக வழக்காடும் தேவையை நீக்கியது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இத்திட்டம் தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் முதலில் நடைமுறைக்கு வந்தது. இதில் பதிவானவர்கள் மருத்துவ உதவியும் மாதந்தோறும் உதவித்தொகையும் பெறுகிறார்கள். அவர்கள் இழப்பீட்டு ஆணையரிடம் கோர முடியாது. சிறு தறிக்கூடங்களிலும் லாரிகளிலும் வேலை செய்யும் பெரும்பாலானோர் இத்திட்டத்துக்கு வெளியே இருப்பதால், இப்பகுதியில் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேவை குறையவில்லை. தமிழ்நாட்டில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் 1999இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் அமைக்கப்பட்ட நல வாரியங்கள் விபத்து உதவித்தொகை தருகின்றன. அது அரசு தரும் உதவியே. முதலாளியின் சட்டப் பொறுப்புக்கு மாற்றாகாது.

வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்கு அவர் அறிந்த மொழியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் தன்னுள் கொண்டது. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இழப்பீடு பற்றிய விதிகள் அதன் ஏழாம் அத்தியாயத்தில் உள்ளன. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், இப்போது இழப்பீட்டுக்கு உரியது.

நூறு ஆண்டுகளில் தொகை பல மடங்கு உயர்ந்தது. வீட்டுக்கு அருகிலேயே மனு கொடுக்கவும் வழி பிறந்தது. தாம் யாரிடம் வேலை செய்தோம் என்று காட்டும் ஒரு தாள் மட்டும் சேலம், நாமக்கல் பகுதியின் பல தொழிலாளர்களுக்கு இன்றும் கிடைப்பதில்லை. இழப்பீட்டு வழக்கில் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாளே.